டிஓடி பிசிக்கல்: டிப்ரஷன் மாத்திரை சாப்பிடுற டிரைவரை பொறுமையா பாக்குற கிளினிக்

டிஓடி பிசிக்கல்னா அமெரிக்காவுல லாரி, பஸ் ஓட்டுறவங்களுக்கு ஃபெடரல் ரூல்படி நடக்குற மெடிக்கல் டெஸ்ட். அதுக்கு எங்க போறதுன்னு கேட்டா எங்க சீக்கிரம் முடியும், எங்க காசு கம்மின்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா டிப்ரஷனுக்கோ ஆங்சைட்டிக்கோ மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நம்ம சொல்றத காது கொடுத்து கேக்குற எக்ஸாமினர்தான், அதாவது டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் தர்றவங்கதான், முக்கியம். நான் சிடிஎல் (கமர்ஷியல் லைசென்ஸ்) டிரைவர், டிப்ரஷனுக்கு செர்ட்ரலின் மாத்திரை சாப்பிடுறேன். முன்னாடி போன ஒரு இடத்துல டிப்ரஷன்னு எழுதினத பாத்ததுமே ஒரு கேள்வி கூட கேக்காம முடிவு சொல்லாம பென்டிங்ல போட்டுட்டாங்க, 45 நாள் வரைக்கும் அப்படி வைக்கலாம், பழைய சர்டிஃபிகேட் செல்லுபடியா இருந்ததால வண்டி ஓட்ட முடிஞ்சுது, இல்லன்னா வீட்டு வாடகைக்கே திண்டாட்டம்தான்.

இந்த கிளினிக்ல போன்லயே என்ன மாத்திரைன்னு கேட்டாங்க, கேட்டுட்டு எம்சிஎஸ்ஏ-5895 ஃபார்ம உங்க சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட ஃபில் பண்ணி கையோட கொண்டு வாங்கன்னாங்க. இந்த ஒரு விஷயத்துக்கே இவங்கள பாராட்டணும். அது கட்டாயமான ஃபார்ம் இல்ல, ஆனா என்ன மருந்து, எவ்ளோ டோஸ், எந்த பிரச்சனைக்கு, பக்க விளைவால வண்டி ஓட்டுறதுக்கு இடைஞ்சல் வருமா வராதான்னு நம்ம டாக்டரே கையெழுத்து போட்டு சொல்லிடுறாரு, அப்புறம் எக்ஸாமினர் யூகிக்க வேண்டியது இல்ல. முடிவு எடுக்குறது எக்ஸாமினர்தான், அதுல மாத்தம் இல்ல.

பிபி, கண்ணு, காது, யூரின் எல்லாம் வழக்கம் போலதான். யூரின்ல பாக்குறது சுகர், புரோட்டீன் மாதிரி விஷயங்கள்தான், ட்ரக் டெஸ்ட் தனி, இத நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. அதுக்கப்புறம் எக்ஸாமினர் அம்மா சேர இழுத்து போட்டு உக்காந்து மாத்திரை எப்போ போடுறீங்க, பகல்ல தூக்கம் தள்ளுதா, டோஸ் சமீபத்துல மாத்தினாங்களா, உயிர விட்டுடலாம்ங்கிற மாதிரி நினைப்பு வந்திருக்கான்னு நேராவே கேட்டாங்க, குற்றவாளிய விசாரிக்கிற மாதிரி இல்லாம அக்கறையா கேட்டாங்க. இந்த டிப்ரஷன் மாத்திரை ஆகாதுன்னு ஃபெடரல் ரூல்ல பட்டியல் எதுவும் இல்ல, பாதுகாப்பா ஓட்டுறதுக்கு அந்த நோயோ மருந்தோ தடையா இருக்குமான்னுதான் நான் பாக்கணும்னு விளக்கினாங்க. லாமோட்ரிஜின் மூடுக்கும் தருவாங்க, வலிப்புக்கும் தருவாங்க, அத சாப்பிடுறவங்க எதுக்குன்னு டாக்டர்கிட்ட தெளிவா எழுதி வாங்கிட்டு போங்க, வலிப்புக்குன்னா கதையே வேற. அல்ப்ரசோலம் மாதிரி தூக்கம் வர வைக்கிற மருந்துன்னா இன்னும் நிறைய கேள்வி வரும்.

சர்டிஃபிகேட் அதிகபட்சம் 2 வருஷத்துக்கு தரலாம், எனக்கு 1 வருஷம்தான் கொடுத்தாங்க, வருஷா வருஷம் ஒரு தடவை பாத்துக்கலாம்னாங்க, எனக்கும் அது நியாயமாதான் பட்டுது. பிசிக்கலுக்காக தயவுசெஞ்சு யாரும் மாத்திரைய நிறுத்திட்டு போகாதீங்க, ஃபார்ம்ல மறைக்கவும் வேணாம், பொய் எழுதினது தெரிஞ்சா சர்டிஃபிகேட்டே செல்லாம போயிடும், பாதியில மருந்த விட்டா உடம்பும் மனசும் படுற பாடு அதவிட மோசம்.

குறைன்னா ரிசப்ஷன் மட்டும்தான். ரூம் நிறைய டிரைவருங்க உக்காந்திருக்கும்போது மாத்திரை பேர சத்தமா படிச்சு சரிதானேன்னு கேக்குறாங்க, எனக்கே சங்கடமா இருந்துச்சு, புதுசா வர்ற ஒரு தம்பி இத பாத்தா ஃபார்ம்ல எழுதவே பயப்படுவான். இத எக்ஸாமினர்கிட்டயும் சொல்லிட்டுதான் வந்தேன். 5க்கு 4 ஸ்டார், அத சரி பண்ணிட்டாங்கன்னா மீதி ஒண்ணையும் சேர்த்து போட்டுடுறேன்.