லாப்ரடாரா, சிப்பிப்பாறையா? முதலில் காம்பவுண்ட் சுவரைப் பாருங்கள்

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு குளிர்நீரில் வேலை பார்த்தவை. பிரிட்டனில் அந்த வம்சத்தை, சுட்டு விழுந்த பறவையைக் கடிக்காமல் கவ்வி வரும் நாயாக வளர்த்தெடுத்தார்கள். சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாயின் ஊர் நம் கரிசல் காடு. முயலைக் கண்ணால் கண்டதும் யாரையும் கேட்காமல் துரத்திப் பிடிப்பதுதான் அதன் தொழில். இன்று முயல் வேட்டை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயின் ரத்தத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது.

வீட்டில் தெரியும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. லாப்ரடார் அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். சிப்பிப்பாறை தெருமுனையைப் பார்க்கும்.

அதனால் சிப்பிப்பாறை வேண்டும் என்பவர்கள் முதலில் சுவரை அளந்துகொள்ளுங்கள். நான்கடிச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆறடி இருந்தால் நிம்மதி. சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டியோ செங்கல் அடுக்கோ கிடந்தால் அந்த ஆறடியும் வீண். கேட்டின் கம்பி இடைவெளியையும் பாருங்கள், ஒடுங்கிய நெஞ்சு உள்ள நாய் சந்து கிடைத்தால் நுழைந்துவிடும். பக்கத்து வீட்டில் கோழி, பூனை, ஆட்டுக்குட்டி இருந்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். குட்டியிலிருந்து சேர்ந்து வளர்ந்த வீட்டுப் பூனையை நாய் விட்டுவைக்கலாம். ஓடுகிற வெளிப்பூனை வேறு கதை. கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்க பத்து மீட்டர் நீளக் கயிற்றில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும். அப்படிப் பழகிய நாயையும் ரோட்டோரத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. துரத்தலில் இறங்கிவிட்டால் லாரி ஹாரன்கூட அதன் காதில் ஏறாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நாய் தொலைவதற்கு முக்கியக் காரணம்: கழுத்துப்பட்டை. சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு பின்னால் இழுத்தால் சாதாரண பெல்ட் தலை வழியே கழன்று வந்துவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள். அதுவும் முழுக்க நெரிக்காத அளவில் இருக்கட்டும்.

லாப்ரடார் வீட்டில் ஆபத்து சமையலறையில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒன்று கண்டுபிடித்தார்கள்: அவர்கள் பார்த்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள ஒரு மரபணுவில் துண்டு விடுபட்டிருந்தது. நாய் பசிக்கிறது என்று நிற்பதை நம்பிப் போடாதீர்கள். வளர்ந்த ஆண் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ. 30 கிலோ நாய்க்கு உலர் தீவனம் ஒரு நாளைக்குச் சுமார் 300 முதல் 350 கிராம். பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், பையில் உள்ள அட்டவணையைப் பார்த்துத் தராசில் நிறுத்து, இரண்டு வேளையாகப் பிரியுங்கள். தாத்தா கொடுக்கும் பிஸ்கட்டும் பாட்டி வைக்கும் தயிர்சாதமும் கணக்கில் சேரும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம், ஆனால் லேசாகத் தடவினாலே விரலில் பட வேண்டும். அழுத்தித்தான் தேட வேண்டியிருக்கிறது என்றால் எடை ஏறிவிட்டது. இந்த இனத்துக்கு இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறு ஏற்கனவே அதிகம். கூடுதல் எடை அதை இன்னும் மோசமாக்கும்.

குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றும் வழக்கத்தையும் இங்கேயே நிறுத்திவிடலாம். பெரிய இனக் குட்டித் தீவனத்தில் தேவையான கால்சியம் இருக்கிறது. அதற்கு மேல் கொடுத்தால் எலும்பு வளர்ச்சி கோணலாகும். வழவழ டைல்ஸ் தரையில் குட்டி சறுக்கி விழுவதும் மூட்டுக்குக் கேடு, ரப்பர் பாய் விரியுங்கள்.

சிப்பிப்பாறைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. இரண்டடிக்கு மேல் உயரம், எடை 15 முதல் 20 கிலோதான். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது அதற்கு இயல்பு. "எலும்பும் தோலுமா இருக்கே, சோறு போடுறதில்லையா?" என்று கேட்கும் உறவினருக்காக அதைக் கொழுக்க வைக்க வேண்டாம். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தினால் மட்டும் கவலைப்படுங்கள். கூழ் குடித்து வளர்ந்த நாய் என்று முட்டை, கறியைக் குறைப்பதும் தவறு.

வெயில் விஷயத்தில் சிப்பிப்பாறைக்கே மதிப்பெண். லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. சித்திரை மாதத்தில் வாக்கிங் காலை ஆறரைக்குள் முடிந்துவிட வேண்டும், மாலையில் தார் ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். மொட்டை அடித்தால் குளிரும் என்று நினைக்காதீர்கள். தோல் நேரடியாக வெயிலில் படும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு செக்கச்செவேலென்று மாறி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள். சிப்பிப்பாறைக்குக் குட்டை முடி, கொழுப்பு குறைவு. வெயில் தாங்கும், ஊட்டிக் குளிரில் நடுங்கும். வெறுந்தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும், தடித்த மெத்தை தேவை. தோல் மெல்லியது என்பதால் முள்கம்பியில் உரசினால் நீளக் கிழிந்துவிடும்.

கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போது "இது ஓட்ட நாய் இனம்" என்று மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். கிரேஹவுண்ட் போன்ற நாய்களுக்கு தயோபென்டோன் வகை மயக்க மருந்து கொடுத்தால் தெளிய வெகு நேரமாகும். சிப்பிப்பாறையையும் அதே எச்சரிக்கையோடு கையாள்வதுதான் நல்லது.

நாட்டு நாய்க்கு நோயே வராது என்பது சுத்தப் பொய். பார்வோ என்ற வைரஸ் வயிற்றுப்போக்கும் உண்ணிக் காய்ச்சலும் இனம் பார்ப்பதில்லை. தடுப்பூசி அட்டவணை இரண்டுக்கும் ஒன்றே.

காவலுக்கு? லாப்ரடார் குரைக்கும், பிறகு வாலாட்டும். சிப்பிப்பாறைக்கு அந்நியர் மேல் சந்தேகம் அதிகம். மூன்று மாத வயதுக்குள் சிலிண்டர்காரர், பால்காரர், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் எல்லோரையும் காட்டிப் பழக்காவிட்டால் அந்தச் சந்தேகம் கடியாக மாறும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டாலும் அதே கதிதான். மூடிய மைதானத்தில் தினம் இரண்டு முறை இருபது நிமிடம் ஓடவிட்டால் மீதி நேரம் சோபாவில் சுருண்டு தூங்கும், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடவிட இடமில்லாத அபார்ட்மென்டில் லாப்ரடாரே மேல். அதற்கும் தினம் ஒரு மணி நேர நடை வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு, சாக்ஸ் என்று விழுங்கி, குடல் அடைத்து, அறுவைக்குப் போகும். எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அது பாசத்தோடு மோதியே வயதானவர்களைக் கீழே தள்ளிவிடும். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு எந்தக் குட்டியும் வேண்டாம். தத்துக்கு வரும் நான்கைந்து வயது லாப்ரடாரைத் தேடலாம்.

எதை வாங்கினாலும் எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தூக்காதீர்கள். தாயை நேரில் பாருங்கள். லாப்ரடார் என்றால் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். சிப்பிப்பாறை என்றால் கிரேஹவுண்ட் கலப்பா, நெருங்கிய உறவுக்குள் சேர்த்ததா என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.