ரஃப் காசில், அன்டோனைன் சுவர்: கண்டிப்பா போங்க

ஸ்காட்லாந்துல ஃபால்கர்க் வீல் (படகைத் தூக்கி இறக்கற சுழலும் லிஃப்ட்) பாக்க போறவங்க பக்கத்துலயே அன்டோனைன் சுவரை ஒட்டி இருக்கற ரஃப் காசில்ங்கற பழைய ரோமானியக் கோட்டை இடத்தை விட்டுட்டு வந்துடாதீங்க, டிக்கெட்டே கிடையாது, ஃப்ரீ. இங்கிலாந்துல ரோமானியர் கட்டின ஹேட்ரியன் சுவர் மாதிரி கல்லு சுவர் எதிர்பார்த்து போகாதீங்க, இந்த அன்டோனைன் சுவர் கி.பி. 142 வாக்குல ரோமானியப் பேரரசர் அன்டோனைனஸ் பயஸ் காலத்துல கல் அஸ்திவாரம் போட்டு அதுமேல புல்லோட வெட்டின மண்கட்டியா அடுக்கி கட்டினது, மொத்தம் சுமார் 60 கி.மீ., கட்டி 20 வருஷம் கூட தாக்குப்பிடிக்கல, ரோமானியப் படை திரும்ப தெக்க போயிடுச்சு. ஆனாலும் அந்த மேடும் வடக்கு பக்க அகழியும் இன்னிக்கும் அவ்ளோ தெளிவா தெரியுது!

எனக்கு ரொம்ப பிடிச்சது லிலியா குழிகள்தான். அகழிக்கு வடக்கால வரிசை வரிசையா குழி, உள்ள கூரான கம்பு நட்டு மேல இலைதழை போட்டு மூடி வச்சிருப்பாங்களாம், ஓடி வர்றவன் கதி அவ்ளோதான். அந்த இடத்துல நின்னு பாக்கறப்பதான் இது எவ்ளோ கொடூரமான எல்லைன்னு உறைக்குது.

குறைன்னா கடை, மியூசியம் எதுவும் அங்க இல்ல. மழை பெஞ்சா சேறு, நல்ல ஷூ போட்டுக்கங்க. எந்தப் படை எவ்ளோ தூரம் சுவர் கட்டுச்சுன்னு செதுக்கி வச்ச தூரக் கல்வெட்டுகள் பாக்கணும்னா கிளாஸ்கோ ஹன்டேரியன் மியூசியத்துக்கு போங்க, அதுவும் ஃப்ரீதான்.