விழுங்குதல் பரிசோதனைப் பிரிவு: மூன்றாண்டு அலைச்சலுக்குப் பின் ஒரு மதிப்புரை

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இயங்கும் விழுங்குதல் பரிசோதனைப் பிரிவுக்குக் கடந்த ஆவணியில் என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 58. சாப்பிட்ட உணவு நெஞ்சுக்குழிக்கு மேலே நின்றுவிடுவதும், ஒவ்வொரு கவளத்தையும் ஒரு மடக்கு வெந்நீர் குடித்து இறக்குவதும், நள்ளிரவில் புரையேறி மூச்சுத் திணறி எழுந்து உட்காருவதும் மூன்று ஆண்டுகளாக அவருக்கு வழக்கமாகியிருந்தன. தொடக்கத்தில் புரையேறும்போதெல்லாம் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லிக் கடந்துவிட்டோம். அவர் கல்யாணப் பந்தியில் உட்காருவதை நிறுத்தி, வீட்டிலும் எல்லோரும் எழுந்த பிறகு தனியே சாப்பிடத் தொடங்கி, 11 கிலோ எடை குறைந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய துன்பம் என்பது எங்களுக்கு உறைத்தது.

அதற்கு முன் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்செரிச்சல் என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும், இரவு இருமலுக்கு இன்ஹேலரும் கொடுத்தார்கள். இரண்டு முறை எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரண்டிலும் "இயல்பாக உள்ளது" என்றே எழுதியிருந்தது. இறுதியாக ஒருவர், இது மனக்கவலையால் வருவது என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று வீடு திரும்பும் வழியில், "நான் வேண்டுமென்றா செய்கிறேன்?" என்று அம்மா கேட்ட கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

இந்தப் பிரிவில் எனக்கு முதலில் நம்பிக்கையை அளித்தவை அங்கிருந்த கருவிகள் அல்ல, அவர்கள் கேட்ட கேள்விகள். விழுங்கத் தொடங்கும்போதே தொண்டையில் புரையேறுகிறதா, அல்லது விழுங்கிச் சில வினாடிகள் கழித்து நெஞ்சில் நிற்கிறதா? சோறு, சப்பாத்தி மட்டும் அடைக்கிறதா, தண்ணீரும் அடைக்கிறதா? திரும்பி வரும் உணவு புளிக்கிறதா, சாப்பிட்டபடியே வருகிறதா? முன்பு யாரும் கேட்காத இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அம்மாவிடம் தெளிவான பதில் இருந்தது. முதலில் கெட்டி உணவும் பல வாரங்கள் கழித்துத் தண்ணீரும் அடைத்தால் குழாயில் ஏதோ குறுக்கே வளர்கிறது என்று ஐயப்பட வேண்டும் என்றும், தொடக்கத்திலிருந்தே இரண்டும் அடைத்தால் குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். பிறகு பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் ஒருவர், அம்மாவுக்குத் தண்ணீர், தயிர்சாதம், பிஸ்கட் மூன்றையும் கொடுத்து, கழுத்தில் விரல் வைத்து ஒவ்வொரு விழுங்கலையும் கவனித்தார். தொண்டையில் குறையில்லை, சிக்கல் அதற்குக் கீழே என்று அன்றே சொன்னார். பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர்களுக்குத் தொண்டையிலேயே கோளாறு ஏற்படுவது உண்டு. அவர்களுக்குச் செய்யும் சோதனைகள் வேறு.

மறுநாள் காலை மேனோமெட்ரி, அதாவது விழுங்கும்போது உணவுக்குழாயில் ஏற்படும் அழுத்தத்தை அளக்கும் சோதனை. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை உணவுக்குழாயின் தசையையும் தளர்த்தக்கூடிய வகை என்பதால், அதை எப்போது நிறுத்துவது என்று அவருடைய மருத்துவரைக் கேட்டுவரும்படி முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மூக்கில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, 36 உணரிகள் கொண்ட மெல்லிய குழாயை மூக்கு வழியாக இரைப்பை வரை இறக்கினார்கள். விழுங்குவதைத்தான் அளக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து கிடையாது. குழாய் இறங்கும் அந்த ஒரு நிமிடம் கடினமானது. அம்மாவுக்குக் கண்ணீர் பெருகி, இரண்டு முறை குமட்டியது. பணியில் இருந்த செவிலியர் அவசரப்படாமல், "அம்மா, இன்னொரு மடக்கு, அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்தபடியே இருந்தார். பின்னர் படுத்த நிலையில் ஐந்து மில்லிலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொன்னார்கள். திரையில், மேலிருந்து கீழே சாய்வாக இறங்க வேண்டிய வண்ணப் பட்டை ஒருமுறைகூட இறங்கவில்லை. உணவுக்குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறி, செங்குத்தான தூண் போல நின்றது. விழுங்கும்போது தளர வேண்டிய அடிவளையம், அதாவது உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள தசைவளையம், இறுகியே இருந்தது. அடுத்து, பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லி எடுத்த எக்ஸ்ரே படங்களில், குடித்து ஐந்து நிமிடம் ஆன பிறகும் மருந்து குழாயில் தேங்கி, அடியில் பறவையின் அலகு போலக் கூராக முடிந்தது.

நோயின் பெயர் அக்கலேசியா, இரண்டாம் வகை. உணவுக்குழாய்ச் சுவரிலுள்ள நரம்பணுக்கள் அழிந்துபோவதால் அடிவளையம் திறக்க மறுக்கிறது; தேங்கிய உணவு படுத்ததும் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவதால் இரவில் புரையேறுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. தொடக்க நிலையில் எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதை யாராவது எங்களிடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தசையை வெட்டித் தளர்த்தும் அறுவையை 1913இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்ததையும், அதையே வாய்வழி எண்டோஸ்கோப்பியால் செய்யும் போயம் முறையை 2008இல் ஜப்பானின் ஹாருஹிரோ இனோவே மனிதருக்கு முதன்முதலாகச் செய்ததையும், இதில் பின்னாளில் அமிலம் எதுக்களிக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதையும் மருத்துவர் மறைக்காமல் எடுத்துச் சொன்னார். நாங்கள் போயம் முறையைத் தேர்ந்தோம்.

குறைகளையும் எழுத வேண்டும். முன்தயாரிப்புக் குறிப்பும் அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. உணவு தேங்கும் நோயாளிகள் வரும் பிரிவில், எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தராதது ஆபத்தான அலட்சியம் என்றே நான் கருதுகிறேன். அறிக்கை கைக்கு வர மூன்று நாள் ஆனது; வெளியூரிலிருந்து வருபவர்கள் அதற்கேற்பத் தங்கத் திட்டமிட வேண்டும். மேனோமெட்ரிக்கு மட்டும் 9,500 ரூபாய் ஆயிற்று. பேரியம் படத்துக்குத் தனிக்கட்டணம்.

செல்பவர்கள் பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கைகளையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், வீட்டில் சாப்பிடும்போது அடைப்பதைக் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் கொண்டு செல்லுங்கள். எங்கள் காணொளியை மருத்துவர் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். அம்மா இப்போது வெந்நீர் இல்லாமல் இரண்டு இட்லி சாப்பிடுகிறார். ஐந்து கிலோ எடை கூடியிருக்கிறது. அடுத்த பேரியம் படம் ஆடியில் எடுக்க வேண்டும். அங்கேதான் எடுக்கப் போகிறோம்.