வீட்டில் ஸ்லாட் கார் டிராக் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்கும் முன்

லண்டனில் ஹாரோ, வெம்பிளி, ஹவுன்ஸ்லோ பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "நான்கு லேன் ஸ்லாட் கார் ரேஸ் டிராக், புத்தம் புதுசு, டிஜிட்டல், பலகையோடு வீட்டுக்கே வந்து பொருத்தித் தருகிறோம்" என்று இருக்கும். கூடவே பச்சைப் பலகை மேல் கார்கள் சீறிப் பாயும் ஒரு வீடியோ. அந்த விளம்பரத்தைப் போட்ட ஆளுக்கு நான் 850 பவுண்டு கொடுத்தேன். வந்து சேர்ந்தது துருப்பிடித்த பழைய டிராக்கும், கை வைக்க முடியாதபடி சுடும் ஒரு அடாப்டரும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ யாராவது இப்படி ஒன்று வாங்க நினைத்திருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்லாட் கார் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார் ரேஸ். டிராக்கில் ஒவ்வொரு லேனுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். காரின் முன்பக்கம் அடியில் உள்ள சின்ன நாக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் உலோக ரெயில். காருக்கு அடியில் பிரெய்ட் என்கிற பின்னல் கம்பி இருக்கிறது. அது ரெயிலை உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கும். கன்ட்ரோலரை அழுத்த அழுத்த வேகம் கூடும். வளைவில் அளவு தெரியாமல் அழுத்தினால் கார் வெளியே பறந்துவிடும். இங்கிலாந்தில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த விளையாட்டு. ஃப்ரெட் ஃபிரான்சிஸ் 1957-ல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்கிற ஸ்லாட் கார் பிராண்டை அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து விற்ற டிராக்குகள் இன்னும் எத்தனையோ வீடுகளின் பரணிலும் கராஜிலும் கிடக்கின்றன. பழைய பொருள் விற்கும் கார் பூட் சேலில் பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைக்கும். பழையதை வாங்கிச் சுத்தம் செய்து ஓட்டுவது நல்ல பொழுதுபோக்கு, அதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பழசையே புதுசு என்று சொல்லி நம் தலையில் கட்டுவதுதான் இவருடைய தொழில்.

ஆள் நம்மூர்க்காரர். முதல் போனிலேயே "அண்ணா" என்று ஆரம்பித்துவிட்டார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ணா. பலகை, டிராக், கார், கரண்ட் எல்லாம் நான் பார்த்துக்கறேன். பாப்பா கன்ட்ரோலரைப் பிடிச்சா போதும்" என்றார். என்னென்ன தருவீர்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்: புதிய ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஸ்போர்ட் டிராக், நான்கு லேன், டிஜிட்டல், நான்கு கார்கள், கம்பெனி அடாப்டர், பன்னிரண்டுக்கு நான்கு அடியில் பலகை. இந்த வாட்ஸ்அப் செய்தி பின்னால் ரொம்ப உதவியது. முன்பணம் 250 பவுண்டைக் கிரெடிட் கார்டில்தான் கொடுக்க வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். அதுவும் உதவியது. மீதியைப் பொருத்தி முடித்த அன்று வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

அன்று மாலை கராஜில் பலகையைப் போட்டு, ஒரே ஒரு காரை வைத்துச் சில சுற்று ஓட்டிக் காட்டினார். ரெயில் எல்லாம் பளபளவென்று இருந்தது. மகள் கை தட்டினாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் நான்கு காரையும் ஒன்றாக விட்டபோது பலகையின் அந்தக் கோடியில் இருக்கும் வளைவில் எல்லாமே திணறி நின்றன. கையால் தள்ளிவிட்டால் கொஞ்ச தூரம் ஓடும், திரும்பவும் நிற்கும். நேர்ப்பாதையில் பின்சக்கரம் சுற்றுகிறது, கார் வழுக்குகிறது. ரெயிலை விரலால் தடவிப் பார்த்தேன், பிசுபிசுத்தது. டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தால் டிஷ்யூ காவி நிறமானது. துடைத்த இடத்தில் பளபளப்பு போய், அடியில் புள்ளி புள்ளியாகத் துரு. ஓட்டிக் காட்டும் நேரத்துக்கு மட்டும் மினுமினுக்க எண்ணெய் தடவியிருக்கிறார். அந்த எண்ணெய் சக்கர ரப்பரில் ஏறியதால்தான் கார் வழுக்கியது.

ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ரெயில் எஃகு. சூடு இல்லாத கராஜில், குளிர்காலத்து ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும். மேலோட்டமான துரு என்றால் மெல்லிய தேய்ப்புத் தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். குழி விழுந்த துரு போகாது. பிரெய்ட் அதன் மேல் ஓடும்போது பொறி பறக்கும், பிரெய்டும் கருகும். இருட்டில் பார்த்தால் அந்தப் பொறி தெளிவாகத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மேலே அடித்திருந்த கறுப்பு ஸ்பிரே பெயின்ட்டை ஓரத்தில் சுரண்டினால், அடியில் இரண்டு விதமான டிராக். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் பழைய கிளாசிக் டிராக் ஒன்று, 2000-களின் தொடக்கத்தில் வந்த ஸ்போர்ட் டிராக் இன்னொன்று. இரண்டும் இணையும் விதமே வேறு. சேர்க்க வேண்டுமென்றால் அதற்கென்று விற்கும் இணைப்புத் துண்டு வேண்டும். இவர் ஓரிடத்தில் அந்தத் துண்டைப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் டிராக் துண்டுகளின் பிளாஸ்டிக் கொக்கிகளைக் கத்தியால் வெட்டி நெருக்கித் தள்ளியிருக்கிறார். நகத்தை ரெயில் மேல் இழுத்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் படி போலத் தட்டும். கார் வேகமாக வரும்போது நாக்கு அங்கே மோதித் துள்ளும். என் மகள் தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று நாள் அந்த வளைவையே திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தாள். இதில் எனக்கு வந்த கோபம் பணம் போனதற்குக்கூட வரவில்லை.

டிஜிட்டல் என்பதும் பொய். சாதாரண அனலாக் டிராக்கில் ஒரு லேனுக்கு ஒரு கார்தான், கன்ட்ரோலர் அந்த லேனின் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். டிஜிட்டலில் ரெயிலில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு காருக்குள்ளும் உள்ள சிப் தனக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே லேனில் பல கார்கள் ஓடலாம், பட்டனை அழுத்தி லேன் மாறி முந்தலாம். லேன் மாறுவதற்கென்று தனி டிராக் துண்டுகள் வேண்டும், டிராக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் பேஸும் அதற்கானதாக இருக்க வேண்டும். எங்கள் பலகையில் லேன் மாற்றும் துண்டு ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "சிப் வாங்கிப் போட்டா டிஜிட்டல் ஆயிடும்ணா, அது அப்கிரேட்" என்று பதில் வந்தது. சிப் போகும் இடம் கார். டிராக்கும் பவர் பேஸும் அனலாக்காக இருக்கும்போது காரில் சிப் போட்டு ஒரு பயனும் இல்லை.

எல்லாவற்றையும் விட என்னைப் பதற வைத்தது அடாப்டர்தான். கொஞ்ச நேரம் ஓட்டியதும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பிளக்கைக் கழற்றத் தொட்டால் கை சுட்டது. மேலே 15 வோல்ட், 4 ஆம்பியர் என்று ஒட்டியிருந்தது. தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை. அந்த ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு எழுத்து: 12 வோல்ட், 1 ஆம்பியர். நான்கு கார் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை அது எப்படித் தாங்கும்? பிளக்கின் பின்கள் ஓரத்துக்கு மிக நெருக்கமாக வேறு இருந்தன. பிரிட்டன் பிளக்கில் பின்னுக்கும் பிளக்கின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 9.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் செருகும்போது விரல் பின்னில் படலாம். ஒரு ஸ்கேலை வைத்து யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். பிள்ளைகள் தானே செருகித் தானே பிடுங்கும் பொருள் இது. அன்றே அதைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

எங்கள் பகுதியில் ஒரு சர்ச் ஹாலில் ஸ்லாட் கார் கிளப் நடக்கிறது. அங்கே போய்க் கேட்டபோது, ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஆங்கிலேயப் பெரியவர், தன் மல்டிமீட்டரோடும் சரியான அடாப்டரோடும் வீட்டுக்கே வந்தார். காரை எடுத்துவிட்டுக் கன்ட்ரோலரை அழுத்தி அளந்தால் டிராக் முழுக்க 15 வோல்ட் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதே, கார் இழுக்கும்போது அளக்க வேண்டும் என்றார். அப்படி அளந்ததில் அந்தக் கோடி வளைவில் 9 வோல்ட்தான் இருந்தது. நல்ல அடாப்டர் போட்டும் இந்தக் கதி. பலகையைத் திருப்பிப் பார்த்தோம். காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய ஒயர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் டிராக்கோடு சேர்த்திருந்தது. நீளமான டிராக்குக்குப் பலகையின் அடியில் தடிமனான ஒயர் ஓட்டி, தூரத்துத் துண்டுகளுக்கும் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டுக்குத் துண்டு இணைப்பில் வோல்ட் குறைந்துகொண்டே போகும். டிராக்கைப் பலகையோடு ஸ்குரூ போட்டு முறுக்கியிருந்ததையும் காட்டினார். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் விரிய இடமில்லாமல் நடுவில் மேடு தட்டிவிடுமாம். எல்லாவற்றையும் படம் எடுத்து, அளவுகளோடு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், மனைவி கொடுத்த காபியை மட்டும் குடித்தார்.

விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். முதலில் "உங்க கராஜ் ஈரம்ணா" என்றார். அப்புறம் "பாப்பா ரொம்ப வேகமா அழுத்துது" என்றார். பிறகு குரல் மாறியது. உங்களுக்காகவே செய்து கொடுத்த பொருள், திருப்பி எடுக்க முடியாது, சட்டமே அப்படித்தான் என்றார். கடைசியில் 100 பவுண்டு தருகிறேன், குழுவில் எதுவும் எழுதாதீர்கள் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

சட்டம் அப்படி இல்லை. தூரத்திலிருந்து ஆர்டர் செய்த பொருளை மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பும் உரிமைதான் நமக்கென்று அளவெடுத்துச் செய்த பொருளுக்குக் கிடையாது. சொன்னதற்கு மாறான பொருள், பழுதான பொருள் என்றால் விஷயம் வேறு. 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியதை 30 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் கேட்கலாம், அளவெடுத்துச் செய்ததாக இருந்தாலும் சரி. அதை எழுத்தில் சொல்லுங்கள், தேதி தெரியட்டும். இன்னொன்று, 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-வது பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், மொத்தத் தொகைக்கும் கார்டு கம்பெனியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நான் வாட்ஸ்அப் செய்தி, விளம்பரத்தின் படம், உரித்த ஸ்டிக்கரின் படம், பெரியவர் எழுதிய பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். இழுத்தடித்தார்கள், இன்னும் படம் வேண்டும் என்றார்கள், ஆனாலும் கடைசியில் 850 பவுண்டும் வந்துவிட்டது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே சொன்னால் வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் வரை போகும். அதே குழுவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் முழுப் பணத்தையும் வங்கி வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு இதுவரை ஒரு பென்னிகூட வரவில்லை. 10,000 பவுண்டு வரை சிறு வழக்காகப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன், காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாரிடம் வாங்கினாலும், பொருத்தியவர் வீட்டில் இருக்கும்போதே எல்லா லேனிலும் எல்லாக் காரையும் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள், பல நிமிடம் ஓடட்டும். வெள்ளை டிஷ்யூவால் ரெயிலைத் துடைத்துப் பாருங்கள். டிராக் துண்டைத் திருப்பினால் அடியில் கம்பெனி பெயர் இருக்கும், அதைப் பார்க்காமல் பலகையோடு ஆணி அடிக்க விடாதீர்கள். அடாப்டரைக் கையில் வாங்கிப் படியுங்கள். டிஜிட்டல் என்றால் லேன் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதல் தடவை வாங்குபவர்களுக்கு என் யோசனை, கடையில் பெட்டியாக விற்கும் சின்ன செட்டை வாங்கித் தரையில் போட்டு ஓட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். மகள் அந்தக் கிளப்புக்கும் போக ஆரம்பித்துவிட்டாள்.

அந்த விளம்பரம் போன வாரம் வேறு பெயரில், வேறு எண்ணோடு வந்தது. வீடியோ மட்டும் மாறவில்லை. பச்சைப் பலகை, நடுவில் பாலம், பின்னால் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் இருக்கும் சாக்கெட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு வட்டத் துளை உள்ள ஐரோப்பிய சாக்கெட் அது. லண்டன் வீடுகளின் அறைச் சுவரில் பொதுவாக அது இருக்காது. உங்கள் குழுவில் அந்த வீடியோ வந்தால், அதற்குக் கீழேயே இந்தப் பதிவைப் போட்டுவிடுங்கள்.