ஆர்ச்சர்ட் விளையாட்டு: அக்கா தம்பி சண்டைக்கு உதவுகிறதா?

என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. எதை விளையாட உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் ஒன்று அழும், இன்னொன்று "நான் ஒண்ணுமே பண்ணல" என்று நிற்கும். ஜெயிப்பது பெரியவள், தோற்பது சின்னவன், அதில் மாற்றமே கிடையாது. அதனால்தான் எல்லோரும் ஒரே பக்கமாக ஆடும் விளையாட்டு வேண்டும் என்று தேடி ஹாபா நிறுவனத்தின் ஆர்ச்சர்டை வாங்கினோம். 1986-இல் ஜெர்மனியில் வந்த விளையாட்டு, மூன்று வயதிலிருந்து ஆடலாம்.

நாலு மரம், மரத்துக்குப் பத்துப் பழம்: ஆப்பிள், பேரிக்காய், செர்ரி, பிளம்ஸ். பகடையில் எந்த நிறம் விழுகிறதோ அந்தப் பழத்தில் ஒன்றைப் பறிக்க வேண்டும். கூடை விழுந்தால் விருப்பப்பட்ட இரண்டு பழம். காக்கை விழுந்தால் காக்கைப் படத்தின் ஒன்பது துண்டுகளில் ஒன்றை வைக்க வேண்டும். படம் முழுசாகிவிட்டால் எல்லோருக்கும் தோல்வி, அதற்குள் தோட்டத்தைக் காலி செய்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி.

ஒரே அணி என்றால் சண்டை வராது என்று நினைத்திருந்தேன். முதல் நாளே வந்தது. தம்பிக்குக் கூடை விழுந்தது, அவன் இரண்டு செர்ரி எடுக்கப் போனான், பிளம்ஸ் மரம் அப்படியே நிறைந்திருக்கிறதே என்று அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். அந்த இடத்தில் "அக்கா சொல்றதைக் கேளு" என்று தீர்ப்புச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஹைஸ்கோப் என்ற மழலையர் கல்வி முறையில் இதற்கு ஆறு படிகள் உண்டு: பதறாமல் அருகில் போவது, அவர்கள் மனநிலையை வாய்விட்டுச் சொல்வது, என்ன நடந்தது என்று இருவரிடமும் கேட்பது, பிரச்சினையை நாம் திரும்பச் சொல்வது, தீர்வை அவர்களிடமே கேட்பது, பிறகும் பக்கத்தில் இருப்பது. அதைச் செய்து பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் தம்பியே "ஒரு செர்ரி, ஒரு பிளம்ஸ்" என்றான்.

கூடைக்கு இரண்டு பழம் என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி. இரண்டு இருப்பதால் பங்கு போட முடிகிறது, விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்பது நாலு வயதுக் கண்ணுக்கே தெரிகிறது. அடுத்த நாள் அவன் செர்ரியாகவே எடுத்துத் தீர்த்துவிட்டான், அப்புறம் சிவப்பு விழும்போதெல்லாம் பறிக்க ஒன்றும் இல்லாமல் முறை வீணானது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறு ஆட்டத்தில் அவனாகவே "எந்த மரத்துல நிறைய இருக்கு?" என்று அக்காவிடம் கேட்டான்.

தோற்கும்போதுதான் கஷ்டம். "நீ போட்டதாலதான் காக்கா வந்துச்சு" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். பகடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்: ஆறு பக்கம், காக்கை ஒன்றே ஒன்று, யார் கை போட்டாலும் அது ஒன்றுதான். ஒரு தடவை சொல்லிப் போதவில்லை, பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். இப்போது காக்கை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து காக்கையைத் திட்டுகிறார்கள், அது எனக்குச் சம்மதம்.

ரிமோட்டுக்கான சண்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கை ஓங்குவதற்கு முன்னால் "எனக்கு என்ன வேணும்னா" என்று ஒரு வாக்கியம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் சின்னவனிடமிருந்து.

எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். நிறைந்த மரத்திலிருந்து எடுத்தால் போதும் என்பது பிடிபட்டதும் பாக்கி எல்லாம் பகடையின் கையில்தான், சலித்துவிடும். இரண்டு வயதிலிருந்து ஆடக்கூடிய ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்டும் இருக்கிறது, பதினாறே பழம்தான், ஆனால் அதில் கூடை விழுந்தால் ஒரு பழம் மட்டுமே, அதனால் அக்கா தம்பிக்கு நான் பெரியதையே சொல்வேன். பிள்ளைகள் ஆடட்டும், நாம் வேலையைப் பார்க்கலாம் என்று வாங்கினால் பெட்டி மூலைக்குப் போய்விடும், முதல் சில வாரங்களாவது நீங்களும் தரையில் உட்கார்ந்து ஒரு முறை பகடை போட வேண்டும்.