உங்களிடம் இருக்கும் ஒரே பிளாப்பியை எழுதித் தருகிறவரிடம் அனுப்பாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும், பரணில் பழைய பிளாப்பி வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

1984-ல் மத்திய அரசு பள்ளிகளில் 'கிளாஸ்' என்று ஒரு கணினித் திட்டம் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த மெஷின் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்டது. இங்கே மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதைத் தயாரித்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஒரே ஒரு டிஸ்க் டிரைவ், அதற்கு முன்னால் எப்போதும் வரிசை. என் பிசிக்ஸ் வாத்தியார் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார்ந்து, லென்ஸ் வழியாக ஒளிக்கதிர் எப்படி வளைகிறது என்று திரையில் வரைந்து காட்டும் ஒரு புரோகிராம் எழுதினார். நான் பன்னிரண்டாவது முடித்துக் கிளம்பும்போது அதை ஒரு பிளாப்பியில் போட்டு, அதோடு நான் எழுதிய வினாடி வினா புரோகிராமையும் சேர்த்துக் கொடுத்தார். பக்கவாட்டு வெட்டின் மேல் வெள்ளி ஸ்டிக்கரை அவரே ஒட்டினார். "இது இருக்கிற வரைக்கும் யாரும் இதுமேல எழுத முடியாதுடா" என்றார். சார் இப்போது இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் இருக்கும் அத்தை மகன் ஒரு பிபிசி மைக்ரோ மாடல் பி-யையும், 40 டிராக் பிளாப்பி டிரைவ் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். டிராக் என்பது டிஸ்கில் தகவல் எழுதப்படும் வட்டப் பாதை. பவர் சப்ளையில் இருக்கும் பழைய பேப்பர் கெபாசிட்டர் வெடித்துப் புகையும் என்பது இந்த மெஷின்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மாற்றிவிட்டுத்தான் ஆன் செய்தேன். 'பூ...பீப்' என்று அந்த இரட்டை ஒலி கேட்டபோது பதினேழு வயது திரும்பி வந்தது.

மெஷின் ஓடியது, ஆனால் போட்டுப் பார்க்க சாஃப்ட்வேர் இல்லை. இணையத்தில் இமேஜ் ஃபைல்களாக, அதாவது டிஸ்கின் நகலே ஒரு ஃபைலாக, கிடைப்பதை பிளாப்பியில் ஏற்றியாக வேண்டும். சாதாரண யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் இதற்கு உதவாது, அது மூன்றரை அங்குல ஐபிஎம் வகை டிஸ்குகளுக்கானது. இது ஐந்தேகால் அங்குலம், எழுதும் முறையும் வேறு. அப்போதுதான் வெளியூரில் ஒருவர் பழைய கம்ப்யூட்டர்களுக்கு பிளாப்பி எழுதிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். பேசினேன். "சார், எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவேன். உங்க பழைய டிஸ்க் இருந்தா அனுப்புங்க, காப்பி எடுத்து புது டிஸ்க்ல போட்டுத் தரேன்" என்றார். இருபது டிஸ்குக்கு ஆறாயிரம் ரூபாய். முழுப் பணமும் முன்பணமாகக் கொடுத்தேன். சாரின் டிஸ்கையும் அட்டை வைத்துக் கட்டி கூரியரில் அனுப்பினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஒன்றரை மாதம் கழித்துப் பார்சல் வந்தது. இருபதில் ஆறு ஓடியது. மற்றதெல்லாம் 'டிஸ்க் ஃபால்ட் 18'. தேடிய செக்டார், அதாவது டிராக்கின் ஒரு துண்டு, கிடைக்கவில்லை என்று அர்த்தம். சாரின் டிஸ்கைப் போட்டேன், அதற்கும் அதே 18. கூப்பிட்டுக் கேட்டால், "சார், என் டிரைவ்ல எல்லாம் படிக்குது. உங்க டிரைவ் ஹெட் அழுக்கா இருக்கும். அந்தப் பழைய டிஸ்க் வரும்போதே செத்துப்போச்சு, நான் கையே வைக்கல" என்றார். ஹெட்டை, அதாவது டிஸ்கைப் படித்து எழுதும் முனையை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அவர் சொன்னதை நம்பி, முப்பத்தைந்து வருடத்து டிஸ்க்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு அவர் அனுப்பிய டிஸ்குகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பாதி டிஸ்குகளில் நடுத் துளையைச் சுற்றி இருக்கும் வலுவூட்டும் வளையம் இல்லை. அவை பெரும்பாலும் 1.2 எம்பி ஹெச்டி டிஸ்குகள், அதாவது அதிகக் கொள்ளளவு வகை. ஹெச்டி டிஸ்கின் காந்தப் பூச்சில் எழுத, பிபிசி பயன்படுத்தும் சாதாரண டிஸ்கை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு காந்த விசை வேண்டும். எழுதினாலும் நிற்காது. மீதிப் பாதி சரியான டிஸ்குகள்தான், ஆனால் யாரோ பயன்படுத்திய பழசு. அதில் என்ன கோளாறு என்றால், அவர் எழுதியது 1984-ல் ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரோடு வந்த 1.2 எம்பி டிரைவ் வகையில் இருக்க வேண்டும். அதற்கு 80 டிராக். ஹெட் மெல்லியது. என் 40 டிராக் டிரைவின் ஹெட் அகலமானது. பழைய பெரிய கோலத்தைக் கழுவாமல் அதன் நடுவே ஒற்றை இழை இழுத்தால் எப்படி இருக்கும்? அவருடைய மெல்லிய ஹெட்டுக்கு அந்த நடு இழை மட்டும் தெரியும், "படிக்குது" என்பார். என் அகல ஹெட்டுக்குப் பழையதும் புதியதும் கலந்து தெரியும். அவர் டெஸ்ட் செய்தது பொய்யில்லை. ஆனால் எழுதிய டிரைவிலேயே படித்துப் பார்ப்பதை டெஸ்ட் என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் சாரின் டிஸ்கை மறுபடி கையில் எடுத்தேன். வெட்டின் மேல் ஸ்டிக்கர் இல்லை. விரலால் தடவினால் பசை ஒட்டியது, அதில் நகத்தால் சுரண்டிய கோடு இருந்தது. காப்பி எடுப்பதற்கு ஸ்டிக்கரை உரிக்க வேண்டிய அவசியமே கிடையாது. எழுதுவதற்குத்தான் உரிக்க வேண்டும்.

சரி, இனி யாரையும் நம்ப வேண்டாம் என்று கிரீஸ்வீசில் போர்டு ஒன்று வாங்கினேன். கீர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கியது. பிளாப்பியில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே ஃபைலாக எடுத்துவிடும், திருப்பி எழுதவும் செய்யும். நண்பர் ஒருவரிடம் ஒரு 80 டிராக் டிரைவைக் கடன் வாங்கி அதில் மாட்டி, சாரின் டிஸ்கைப் படித்தேன். டிஸ்கில் இருக்கும் ஃபைல்களின் பட்டியல் தெளிவாக வந்தது. நான் கேட்டிருந்த இருபதில் ஒரு கேம். என் பார்சலுக்கு டிஸ்க் பத்தாமல் இதிலேயே எழுதியிருக்கிறார். எழுதியதை அனுப்பவும் செய்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். பசையைப் பற்றிக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். பணம் வரவில்லை. பணம் போனால் போகட்டும்.

ஆகவே, இந்த வேலைக்கு யாரிடமாவது போவதாக இருந்தால், முதலில் எந்த டிரைவில் எழுதுகிறீர்கள், 40 டிராக்கா 80 டிராக்கா என்று கேளுங்கள். எழுதும் முன் டிஸ்கை முழுசாக, காந்தம் காட்டி அழிக்கிறாரா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் விட்டுவிடுங்கள். பழைய டிஸ்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நேரில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், ஃபைலை பென் டிரைவில் வாங்கிக்கொண்டு டிஸ்கோடு திரும்புங்கள். கொடுக்கும் முன் ஸ்டிக்கரோடு போட்டோ எடுத்து வையுங்கள். வெறும் கேம் ஆட மட்டும் என்றால் பிளாப்பியே வேண்டாம், யூஸர் போர்ட்டில் மாட்டும் எஸ்டி கார்டு போதும்.

அப்புறம், இப்படி ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒன்று. அந்த டிஸ்கை ஃபார்மட் செய்யாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். 40 டிராக் டிஸ்க் என்றால் 102,400 பைட். ஆனால் பல இமேஜ் ஃபைல்கள் அவ்வளவு பெரிதாக இருக்காது, உள்ளே இருக்கும் புரோகிராமின் அளவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் உள்ள டிராக்குகளில் பழையது அப்படியே கிடக்கலாம். என் டிஸ்கில் பதினான்காவது டிராக்கில் கேம் முடிந்தது. அதற்குப் பிறகு என் வினாடி வினா முழுசாக இருந்தது, கேள்விகள் உட்பட. சார் தன்னுடையதை முதலில் சேமித்திருந்தார். அது முதல் டிராக்குகளில் இருந்தது.