பத்து நாள் பழைய டி.எல்.இ. போதுமா, இன்றையது வேண்டுமா?

காங்கேயத்தில் எங்கள் மொட்டை மாடியில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்காகக் காத்திருந்தேன். ஆப்பில் இருந்தது பத்து நாள் பழைய டி.எல்.இ., அதாவது செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்று கணக்கிட உதவும் சுற்றுப்பாதை விவரம். அது சொன்ன நேரத்துக்கு முன்பே, "ஏங்கண்ணு, அங்க போகுதே, அதா?" என்று அமுச்சி கை காட்டினார்.

காற்று இழுத்தால் தாமதம்தானே ஆக வேண்டும்? இல்லை. சுமார் 400 கி.மீ. உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு. அது உரச உரச நிலையம் கீழே இறங்குகிறது. பாதை சிறுத்து, ஒரு சுற்று சீக்கிரமே முடிந்துவிடுகிறது. டி.எல்.இ.யில் இந்த இழுவைக்கென்று பி ஸ்டார் என்றொரு எண் இருக்கிறது. ஆனால் அது எடுத்த நாளின் கணிப்போடு நின்றுவிடும். அப்புறம் சூரியன் சீறினால் மேல்வளிமண்டலம் உப்பி, அந்த உயரத்தில் அடர்த்தி கூடிவிடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுந்தன.

இன்றைய டி.எல்.இ.யில் பிழை சேர நாளே இல்லை. நிலையத்தை இன்ஜின் போட்டு உயர்த்தியிருந்தால் அதுவும் வந்துவிடும். சிக்னலுக்காகத் தெருமுனை வரை நடக்க வேண்டியிருந்தாலும் சரி, நிலையத்துக்கு இனி இதுதான்.

காற்று இன்னும் குறைவான 705 கி.மீ.யில் போகும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் என்றால் பழையதே போதும். வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.